தோற்றம் மட்டும்

கோரிப்பாளையம் சிக்னலில் பஸ் நின்றபோதுதான் எஸ்தர் தன்னுடைய மரணச் செய்தியைப் படித்தாள்.

பத்துக்கு ஆறு அடி ஃப்ளெக்ஸ். நான்கு மூலையிலும் புறாக்கள், சுற்றிலும் ஊதாப் பூக்கள். நடுவில் அவளேதான்! போன மாதம் எடுத்த போட்டோ. அரக்குப் புடவை, லேசாகத் திரும்பிய முகம், பார்க்கிறவரை வம்புக்கு இழுக்கிற ஒரு சிரிப்பு... அதற்கு மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. கீழே, 'எஸ்தர் டீச்சர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'. மறைவு என்பதற்கு நேரே நேற்றைய தேதி. தோற்றம் என்பதற்கு நேரே 1941.

செத்ததைக்கூட மன்னித்துவிடலாம்... 1941ஆ?

"இறங்கணும்... இறங்கணும்!" என்று கத்திக்கொண்டே குதித்துவிட்டாள். ஐம்பத்து மூன்று வயதில் அப்படிக் குதிக்கக் கூடாதுதான். அந்த வயதில் என்னென்ன கூடாது என்று ஒரு பெரிய பட்டியலே அவளிடம் உண்டு. எல்லாம் மற்றவர்கள் கொடுத்தது. மூன்று வருடம் முன்பு, தலைமையாசிரியை நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, பசுமலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். 'இனிமே முழுநேரமும் நடிக்கப் போறேன், மாடலிங் பண்ணப் போறேன்' என்றாள். ஸ்டாஃப் ரூமில் யாரும் சிரிக்கவில்லை. அவளுக்காக ஜெபம் பண்ணினார்கள்! அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

அன்றிலிருந்து மூட்டுவலித் தைலம், சர்க்கரை மாத்திரை, காது கேட்கும் கருவி என்று வரிசையாக விளம்பரங்கள். வியாதி வியாதியாக நடித்து அலுத்துப்போனவளுக்கு, இன்றைக்குத்தான் முதன்முறையாக வேறு ஒன்று வந்திருந்தது. மதுரை அண்ணா நகரில் ஒரு பட்டுக் கடை விளம்பரத்துக்குத் தேர்வு. அம்மா வேஷம் இல்லை, மாமியார் வேஷம் இல்லை... கல்யாணப் பெண்! எந்த வயதிலும் மணமகள் ஆகலாம் என்று ஒரு வருடத்துக்கு விளம்பரம் செய்யப் போகிறார்களாம். கிடைத்தால் வருடம் முழுக்க அவள்தான் அந்தக் கடையின் முகம்.

வசனம் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று காலையிலிருந்து போனைச் சைலண்டில் போட்டிருந்தாள். இப்போது எடுத்துப் பார்த்தால்... முப்பத்தொரு மிஸ்டு கால்.

ஃப்ளெக்ஸின் மூலையில் அச்சடித்த கடையின் பெயரும் நம்பரும் இருந்தன. கடை எதிரிலேயேதான் இருந்தது.

"யாருண்ணே இங்க ஓனரு?"

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் திரும்பினார். நரைத்த மீசை, மூக்கு நுனியில் கண்ணாடி. கண்ணாடிக்கு மேலே இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன. திரையைப் பார்த்தன. மறுபடி அவளை... முகம் வெளுத்துவிட்டது.

"ஏசுவே..."

"அவரு இல்ல. நான்தான், எஸ்தர். நேத்துச் செத்துப்போனவ."

"டீச்சர்... நீங்க..."

"நித்திரையாம் நித்திரை! காலையில அஞ்சரைக்கே எந்திரிச்சுட்டேன் நான்."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். பெயர் கிருபாகரன். செல்லூரில் வயதான எஸ்தர் டீச்சர் ஒருவர் தவறிவிட்டார். அவருடைய பேரன்மார் போட்டோ அனுப்பிய அதே நேரத்தில், இந்த எஸ்தர் டீச்சரும் நடிப்பு வாய்ப்புக்கான ஆல்பம் போட, நேரில் வராமலே, போட்டோ அனுப்பியிருக்கிறாள். கடைக்கு ஒரே ஒரு வாட்ஸ்அப் நம்பர். மாறிவிட்டது.

"எம்பத்து நாலு வயசுன்னு தெரிஞ்சும் என் மூஞ்சிய வைக்கக் கை எப்பிடி வந்துச்சு உங்களுக்கு?"

"அம்மாச்சியோட பழைய போட்டோன்னு பேரன்மாருகளே நெனச்சுக் கட்டிட்டுப் போயிட்டாங்க, டீச்சர். நானும் அப்பிடித்தான் நெனச்சேன். அந்தக் காலத்துல இம்புட்டு அழகா இருந்திருக்காங்களேன்னு... கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன்..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எஸ்தருக்கு அடுத்து என்ன திட்ட வேண்டும் என்பதே மறந்துபோனது. சே... இந்த நேரத்தில் போய்!

நல்லவேளையாகக் கையிலிருந்த போன் அதிர்ந்தது. தேர்வு நடத்தும் ரோகிணி. "ஹலோ, எஸ்தர் மேடம் வீடுங்களா? ஆழ்ந்த அனுதாபங்கள். ஒரு தகவலுக்காகத்தான்... மேடம் பேரை லிஸ்ட்லேருந்து எடுத்துட்டோம்."

"அந்தப் பேரைத் திரும்ப எழுதுங்க, நான் வாரேன்" என்றாள் எஸ்தர். மறுமுனையில் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது.

பன்னிரண்டு மணிக்குத் தேர்வு முடிந்துவிடும். இப்போதே பதினொன்று. "முதல்ல என்னையக் கீழ இறக்குங்க" என்றாள். கிருபாகரன் ஏணியோடு ஓடினார். கயிற்றை அவிழ்த்து ஃப்ளெக்ஸை இறக்கி முடிப்பதற்குள் ஐப்பசி மழை சடசடவென்று கொட்ட ஆரம்பித்துவிட்டது. சாலையைத் தாண்டிக் கடைக்கு ஓட சிக்னல் விடவில்லை. இரண்டு பேரும் அந்தக் கண்ணீர் அஞ்சலியையே தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மழை ஃப்ளெக்ஸின் மேல் தாளம் போட்டது. அவர் மீசையில் ஒரு துளி தொங்கிக்கொண்டே இருந்தது. விழேன்... விழுந்து தொலையேன்... என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் எஸ்தர்.

"என்னைய எப்பிடியாச்சும் அண்ணா நகர்ல விட்டுருங்க, சார்."

"கடைக்குள்ள வந்தப்ப அண்ணேன்னீங்க. இப்ப சாருங்கிறீங்க..."

"அது கோவத்துல வந்துச்சு."

"அப்ப இனிமே கோவமே படாதீங்க" என்றார் அவர், எதிரே இருந்த டிராபிக் போலீஸைப் பார்த்துக்கொண்டு.

ஸ்கூட்டரில் நனைந்தே போய்ச் சேர்ந்தார்கள். ரோகிணி அவளைத் தொட்டுப் பார்த்தாள். "மூணாம் நாள் வரைக்கும் காத்திருக்க முடியலை, அதான் இன்னைக்கே எந்திரிச்சு வந்துட்டேன்" என்றாள் எஸ்தர். ஈரத் தலையோடு கேமரா முன் நின்றாள். இயக்குநர், "கொஞ்சம் தலையக் குனிஞ்சு வெட்கப்படுங்கம்மா" என்றார்.

"எதுக்கு சார்? இந்த வயசுல ஒருத்தி தானா முடிவு பண்ணிக் கல்யாணம் கட்டுறா. அவ எதுக்குத் தலையக் குனியணும்?"

தலையை நிமிர்த்திக் கேமராவை நேராகப் பார்த்தாள். இயக்குநர் கையிலிருந்த லிஸ்ட்டை மடித்து வைத்தார்... வாய்ப்பு அவளுக்குத்தான்.

வெளியே வந்தபோது கிருபாகரன் போகாமல் நின்றிருந்தார். அவர் சட்டையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது. செல்லூர் டீச்சருக்குச் சரியான ஃப்ளெக்ஸை அன்று மதியமே இலவசமாக அடித்துக் கட்டினார். கூடப்போய் அந்த வீட்டில் மன்னிப்புக் கேட்டவள் எஸ்தர்.

அதற்குப் பிறகு என்ன... ஆல்பம் பார்க்கப் போனாள். ஆல்பம் பார்த்து முடிந்த பிறகும் போனாள். எல்லோரும் 'கிருபா அண்ணே' என்று கூப்பிடுகிற அந்தக் கடையில் அவள் மட்டும் அந்த வார்த்தையைத் தவறிக்கூடச் சொல்லவில்லை.

"மதுரையில முக்கால்வாசிக் கல்யாணத்துக்கு நான்தான் ஃப்ளெக்ஸ் அடிச்சேன், டீச்சர்" என்றார் ஒருநாள், டீயை ஆற்றிக்கொண்டே. "எனக்குத்தான் ஒண்ணு அடிக்க வாய்க்கலை. அம்பத்தாறு ஆச்சு."

"மெஷின் உங்களுது, மையும் உங்களுது. அப்புறமென்ன?"

"பொண்ணு பேரு வேணும்ல..."

எஸ்தர் டீயைக் குடித்தாள். சூடு என்பதுகூடத் தெரியவில்லை.

படப்பிடிப்பு நன்றாக முடிந்தது. பெரிய விளம்பரப் பலகை கோரிப்பாளையம் சிக்னலுக்கு, நாற்பது அடி. அச்சடிக்கும் வேலையை ரோகிணி கிருபாகரனிடமே கொடுத்தாள். அந்த வாரம்தான் சென்னையிலிருந்து மகன் மெர்வின் கூப்பிட்டான்.

"அம்மா, நடுரோட்டுல கல்யாணப் பொண்ணா நிக்கப் போறீங்களாமே? அப்பா போய் ஆறு வருஷந்தான் ஆகுது. என் மாமனார் வீட்டுல கேட்டா நான் என்ன சொல்ல?"

"எங்கம்மா நடிகைன்னு சொல்லு. சொல்லக் கூச்சமா இருந்தா போனை அவங்ககிட்ட குடு, நானே சொல்றேன்."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்மா..."

"உங்கப்பா படுத்த படுக்கையா கெடந்தப்ப நானும் பாடம் நடத்திக்கிட்டு, குழந்தைகளுக்கு நாடகம் எழுதிக் குடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அப்பவே அவரு சொன்னாரு, 'எஸ்தர், அடுத்தவங்களுக்கே எழுதாத, நீ நடி'ன்னு. அந்த ஒரு மனுஷன் சொன்னதத்தான் செய்யுறேன். போன வை."

வைத்த பிறகு அழுதாள். அழுதது ஐந்து நிமிடம்தான். முகம் வீங்கினால் வேலைக்கு ஆகாது.

வியாழக்கிழமை மதியம் ரோகிணி பதறிக்கொண்டு கூப்பிட்டாள். "மேடம், கிருபாகரன் சார் ரெண்டு நாளா மெஷின் ரிப்பேருங்கிறார். நாளைக்குக் காலையில பலகை ஏறலைன்னா, பட்டுக் கடைக்காரங்க போன வருஷம் நடிச்ச சின்னப் பொண்ணு படத்தையே மாட்டிடறேங்கிறாங்க. அவங்களுக்கு முதல்லேருந்தே மனசு இல்ல. காண்ட்ராக்ட்டே போயிடும், மேடம்!"

எஸ்தர் கடைக்குள் நுழைந்தபோது மெஷின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. யாருடைய பிறந்தநாள் ஃப்ளெக்ஸோ. கிருபாகரன் எழுந்தார். கண்ணைப் பார்க்கவில்லை.

"ரிப்பேரா?"

"டீச்சர்... உங்க பையன் போன் பண்ணுனாரு. ஊரே சிரிக்கும், ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க, பட்டுக் கடைக்காரங்களே படத்த மாத்திருவாங்கன்னாரு. அழுதாரு, டீச்சர்..."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் மேசையில் கிடந்த ரசீதுகளை அடுக்கினார்.

"மொதத் தடவை தெரியாம கொன்னீங்க. சிரிச்சுக்கிட்டே மன்னிச்சேன்." அவள் குரல் உடைந்தது, ஆனால் இறங்கவில்லை. "இப்பத் தெரிஞ்சே கொல்லுறீங்களே, சார்... ஊர்ல எல்லாரும் என்னைய மூலையில உக்காரச் சொன்னாங்க. நீங்க மட்டுந்தான் சொல்லலை. அதனாலதான் இந்தக் கடைக்கு வந்தேன். டீ குடிக்க வரலை."

கிருபாகரன் போய்ப் பிறந்தநாளை நிறுத்தினார். புது ரோலை மாட்டினார். பட்டனைத் தட்டினார்.

மெஷின் அங்குலம் அங்குலமாக அவளை வெளியே விட்டது. முதலில் மல்லிகைப்பூ, பிறகு நெற்றி... பிறகு கண்கள். ஒரு கண்ணே அவள் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது. எதற்கும் தாழாத அந்தப் பார்வையைப் பார்த்தபோது எஸ்தருக்கே மயிர்க்கூச்செறிந்தது. இது நானா? நான்தான்!

அடுத்த பாகத்தில் மாப்பிள்ளை வந்தார். சென்னை நடிகர், வெள்ளி மாதிரி தலைமுடி, எடுப்பான தோள். கிருபாகரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்க பையன் அழுதது பாதிக் காரணந்தான்" என்றார் சுவரைப் பார்த்து.

"மீதி?"

"அந்த மாப்ள." மென்று விழுங்கினார். "நாப்பதடி உசரத்துல, தெனமும் கடைக்கு எதிர்லயே நிப்பான்... எனக்குத் தாங்கலை."

எஸ்தருக்குச் சிரிப்பு முட்டியது. காட்டிக்கொள்ளவில்லை. "அதுக்காக என் வேலையில கைய வைப்பீங்களா?"

"வச்சது தப்பு. இனிமே யாரு அழுதாலும், எனக்கே எரிஞ்சாலும் சரி... உங்க படம் சொன்ன நேரத்துக்கு ஏறும்."

ஏறியது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோரிப்பாளையம் சிக்னலில் நின்ற பஸ்ஸெல்லாம் அண்ணாந்து பார்த்தது. தர்கா பக்கம் போகிற பெண்கள் நின்று பார்த்துவிட்டு, கீழே நிற்கிற எஸ்தரை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார்கள். பேரையூர் பஸ்ஸிலிருந்து அவளுடைய பழைய மாணவி ஒருத்தி "டீச்சர்... டீச்சர்..." என்று கத்திக்கொண்டே போனாள். மெர்வின் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற அன்றைக்குக் கூப்பிடட்டும்.

எஸ்தர் நேராகக் கடைக்குள் போனாள்.

"எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்கணும்."

கிருபாகரன் அவசரமாகக் கம்ப்யூட்டரில் அவளுடைய அரக்குப் புடவை போட்டோவைத் திறந்தார். கூடவே பழைய எழுத்துகளும் வந்து நின்றன. தோற்றம், மறைவு... "ஐயோ, இது அந்த ஃபைலு" என்று பதறினார்.

"இருக்கட்டும். தோற்றத்துக்கு நேரா, நான் இங்க சண்டைக்கு வந்த தேதியப் போடுங்க."

போட்டார்.

"மறைவு?"

"அத அழிங்க. கண்ணீர் அஞ்சலி, நித்திரை எல்லாத்தையும் சேர்த்து அழிங்க."

அழித்தார். "அடியில... இவண்னு யாரு பேரு போட?"

"உங்களுக்குத் தோணுறதப் போடுங்க."

ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். கி... ரு... பா... க... ர... ன்.

"வெறும் பேரா? மதுரையில உறவு போடாம எவனாச்சும் ஃப்ளெக்ஸ் அடிப்பானா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். திரும்பினார். "உறவு... கேட்டுட்டுத்தான் போடணும்."

"கேளுங்க."

"தவறிப்போனவங்கன்னு நெனச்சுப் பார்த்தப்பவே உங்களப் புடிச்சுப் போச்சு. உசுரோட முன்னால வந்து நின்னு திட்டுனீங்க பாருங்க... அதுலேருந்து வேற எந்த மூஞ்சியும் இந்த ஸ்கிரீன்ல தெரியலை. என்னையக் கட்டிக்கிறீங்களா... எஸ்தர்?"

டீச்சர் இல்லாத எஸ்தர். அவளுக்கு நெஞ்சு தளும்பியது.

"கட்டிக்கிட்டாலும் நடிப்பேன்."

"நடிங்க."

"இன்னும் பத்து மாப்ளைகளோட நிப்பேன்."

கிருபாகரன் எதிரே இருந்த பலகையை ஒரு தடவை பார்த்தார். "நில்லுங்க... நானே அடிச்சுத் தாரேன்."

"அப்பச் சரி. போடுங்க."

தன் பெயருக்குப் பக்கத்தில் 'கணவர்' என்று தட்டினார். காது வரைக்கும் சிவந்து, தலையைக் குனிந்துகொண்டார். வெட்கப்பட்டது அவர்தான். எஸ்தர் நிமிர்ந்துதான் நின்றாள்.

"அளவு என்ன வைக்க?" என்று கேட்டார் தரையைப் பார்த்து.

"பத்துக்கு ஆறு. அன்னைக்குக் கட்டுன அதே இடத்துல கட்டணும்."