பதினேழாம் நம்பர் தோடு

எங்கள் கோக்தெனிஸ் ஊரில் ஒரு கெண்டை மீன், காதில் மஞ்சள் தோடு போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் ரயில் நிலையத்துக்கு வந்து, அல்மாட்டி ரயிலை நான்கு நிமிடம் நிறுத்தியது. நிறுத்தியதோடு விடாமல், உள்ளே ஏறப்போன ஒரு பெண்ணையும் இறக்கிக் கூட்டிப்போனது.

சிரிக்காதீர்கள். பள்ளிக்கூட வண்டியை இருபத்தாறு வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். பொய் சொல்வதென்றால் எட்டு நிமிடம் என்று சொல்லியிருக்க மாட்டேனா?

ஊரே நம்புகிறது. நம்பாத ஒரே ஆள், அந்த நிலையத்தில் கொடி காட்டிய ஒராஸ்பை. "மீனுக்கு ஏதுய்யா காது? என் ஸ்டேஷன்ல ரயில் லேட்டானா எனக்குத் தெரியாதா?" என்று எகிறுவார்.

இருக்கட்டும். அவரிடம் கடைசியில் வருகிறேன்.

எங்கள் ஆரல் கடற்கரையில் வருடத்துக்கு ஏழு துளி மழை பெய்யும். அந்தச் செப்டம்பர் காலையில் ஏழும் மர்ஜான் மேலேயே விழுந்தன. ஒரு துளி மட்டும் அவள் இமையில் தொற்றிக்கொண்டு கீழே இறங்கவே மாட்டேன் என்றது... அந்தக் கண்களைப் பார்த்தால் யார்தான் இறங்குவார்கள்? கருந்தேநீரை வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஒரு நிறம் வருமே, அந்த நிறம்.

பிள்ளைகளுக்குக் கடலைப் படிப்பிக்க அல்மாட்டியிலிருந்து வந்தவள் அவள். "ஓடிப்போன கடலைத் திரும்பி வரவெச்ச ஊருக்கே பாடமா?" என்று பெரிசுகள் முனகினார்கள். ஒரே வாரம்தான். மீனின் செதிலை லென்சில் வைத்து வளையம் எண்ணச் சொன்னாள். ஒரு குளிர்காலத்துக்கு ஒரு வளையம். அதற்குப் பிறகு ஊரில் ஒரு அம்மா நிம்மதியாக மீன் வறுக்க முடியவில்லை. "அம்மா, இதுக்கு ரெண்டு வயசுதான். இன்னும் ஒரு தடவைகூட முட்டை போடல. எப்படிம்மா மனசு வந்துது?" திங்கட்கிழமைதோறும் கடல் தண்ணீரைக் குப்பியில் பிடித்து உப்பு அளந்தார்கள். என் வண்டியில் நான் ஒருவன்தான் படிக்காதவன்.

அந்த மழைக் காலையில் முப்பது பிள்ளைகளோடு அவள் கரையில் நின்றபோது எர்சாயினின் படகு வந்து முட்டியது. வலையில் அவனை மிஞ்ச அந்தக் கரையில் ஆள் இல்லை. அந்தத் திமிரும் தோளில் இருந்தது.

மர்ஜான் அளவுப் பலகையை நீட்டினாள். ஓரமாக ஒரு சிவப்புக் கோடு. மீனின் வால் அதைத் தாண்ட வேண்டும். அவன் வலையிலிருந்த ஒரு கெண்டை தாண்டவில்லை.

"இதை விட்டுடுங்க."

"எதுக்கு டீச்சரம்மா? விட்டா அடுத்தவன் வலைக்குப் போகும்."

"வளர்ந்து உங்க வலைக்கே வரும்."

"வந்து? எனக்கு சலாம் சொல்லுமா?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் அந்த மீனின் துடுப்பு ஓரத்தில் பதினேழு என்று எழுதிய மஞ்சள் அடையாள வில்லையைக் குத்தினாள்.

எர்சாயினுக்கு வாய் சும்மா இருக்குமா? "எங்க ஊருல பொண்ணு கேக்கத்தான் தோடு போடுவோம். இதை எந்த மாப்பிள்ளைக்குக் கேட்டிருக்கீங்க?"

அவள் கன்னம் சிவந்தது. கோபமா, வேறு ஏதாவதா... அவளுக்கே தெரியவில்லை.

"இது திரும்பி வந்தா என்ன செய்வீங்க?"

"உங்க வகுப்புல முதல் பெஞ்சுல கையைக் கட்டிட்டு உக்காருறேன்! போதுமா?"

மீன் வாலால் அவன் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போனது.

அவள் அங்கே சொல்லாத ஒன்று எனக்குத் தெரியும்: அறுபது மீனுக்கு வில்லை போட்டிருந்தாள். ஒரு வருடத்துக்குள் மீனவர்கள் ஒரு வில்லையைப் பற்றியாவது தகவல் தராவிட்டால் வகுப்பை மூடிவிட்டு ஊர் திரும்ப வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. வில்லையைக் காட்டினால் அபராதம் போடுவார்கள் என்று எவனோ கிளப்பிவிட்டான். பனி உறைந்தது, உருகியது... ஒரு வில்லையும் வரவில்லை.

ஜூனில் அவளே எர்சாயினிடம் போனாள்.

"பதினேழைப் பார்த்தீங்களா?"

"இல்ல." சொல்லும்போதே அவன் காது இரண்டும் சிவந்தன.

அவள் காயப்போட்டிருந்த வலையைத் தூக்கிப் பார்த்தாள். "வலைக்கண்ணு பெருசாயிருக்கே?"

"எலி கடிச்சிருச்சு."

"எல்லாக் கண்ணையும் ஒரே அளவுலயா?"

"படிச்ச எலி."

சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தாள். 'இவன் ஏன் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேங்கிறான்...' அன்று பாடத்தில் கெண்டை என்பதற்குப் பதில் எர்சாயின் என்று கரும்பலகையில் பாதி எழுதி அழித்தாளாம். பிள்ளைகள் சொன்னார்கள். முழுசாக எழுதினாள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

வருடம் முடிந்தது. பெட்டியை என் வண்டியில்தான் ஏற்றினேன். பிள்ளைகள் அழுத அழுகையில் கடல் ஒரு சாண் உயர்ந்தது. நடைமேடையில் அவள் அளவுப் பலகையைப் பிள்ளைகளிடம் கொடுத்தாள்.

"இதைப் பத்திரமா வெச்சுக்கோங்க. கோடு அழிஞ்சா திரும்பப் போடுங்க."

"நீங்க வந்து போடுங்க, அபாய்!" என்று ஒரு சிறுமி விம்மினாள். டீச்சரை எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மர்ஜான் ரயில் படியில் ஒரு காலை வைத்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம்... பக்கத்தில் ஆள் உட்காரும் தொட்டி இணைத்த பழைய மோட்டார் சைக்கிள் நடைமேடை மேலேயே ஏறி வந்தது. பக்கத்தொட்டியில் ஒரு குளியல் தொட்டி. தொட்டியிலிருந்து எட்டிப் பார்த்தது ஒரு கெண்டை. ஓட்டியவன் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான்.

"பதினேழு!" என்று முப்பது தொண்டைகள் கத்தின.

யாரும் சொல்லாமலே பிள்ளைகள் பலகையைக் கீழே வைத்தார்கள். ஈரக் கையால் இரண்டு பேர் மீனைப் பிடிக்க, ஒருத்தி வாலை நீட்டினாள். வால் சிவப்புக் கோட்டைத் தாண்டி இரண்டு விரல்!

எர்சாயின் மடிப்புக் கலைந்த ஒரு சின்ன நோட்டை அவளிடம் நீட்டினான். அக்டோபர், ஜூன், ஆகஸ்ட்... தேதி, இடம், நீளம். கோணல் கையெழுத்து.

"மூணு தடவை புடிச்சீங்களா?" அவள் குரல் உடைந்தது. "அன்னைக்கு இல்லன்னு சொன்னீங்களே! என் வகுப்பே போச்சு, தெரியுமா?"

"தெரியும். வகுப்பை மூடிடுவாங்கன்னு நேத்துதான் தெரிஞ்சுது. ராத்திரியே வலை போட்டேன்." அவன் தலை குனிந்தான். "முதல்ல வெட்கம். பெஞ்சுல உக்காரணுமே... அப்புறம் பயம். இதைக் கொடுத்துட்டா, உங்களை நினைக்க எங்கிட்ட என்ன இருக்கும்? ஒவ்வொரு தடவையும் அளந்து, எழுதி, விட்டுட்டேன்."

மழை இல்லாமலே அவள் இமையில் ஒரு துளி.

"சின்னதா இருக்கும்போது புடிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, மர்ஜான். எனக்குள்ள ஒண்ணு இருக்கு. போன செப்டம்பர்ல சின்னதா இருந்துது... இப்போ கோட்டைத் தாண்டிடுச்சு."

அவள் படியிலிருந்து காலை எடுத்தாள்.

"அளக்காம நம்ப மாட்டேன்," என்றாள் மெல்ல. "நாளைக்குக் காலைல, முதல் பெஞ்சு. கையைக் கட்டிட்டு. அப்புறம்... உங்க அம்மாவைத் தோடு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. இந்தத் தடவை எனக்கு."

அல்மாட்டி ரயில் பெட்டிகளின் ஜன்னல்கள் எல்லாம் தலைகளாக இருந்தன. கைதட்டலில் என் வண்டிக் கண்ணாடி விரிசல் விட்டது. மீனைக் கொண்டுபோய்க் கடலில் விட்டோம். நோட்டு மேலிடத்துக்குப் போய்த் திரும்பியது, வகுப்பு மூடப்படாமல் தப்பியது. எர்சாயின் உட்கார்ந்ததில் முதல் பெஞ்சுதான் உடைந்தது.

இதெல்லாம் ஆறு வருடக் கதை. போன வாரம் ஒராஸ்பைக்கும் ஓய்வு கிடைத்தது. விருந்துக்கு மர்ஜானும் எர்சாயினும் வந்திருந்தார்கள். நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன். அவர் வழக்கம்போல், "மீனுக்கு ஏதுய்யா..." என்றார்.

மர்ஜான் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து அவர் தேநீர்க் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள். கோணல் கையெழுத்துக்குக் கீழே அவளுடைய அழகான எழுத்தில் நான்காவது வரி: இடம், ரயில் நடைமேடை. நேரம், ஒன்பது பதினான்கு.

ரயில் புறப்பட வேண்டியது ஒன்பது பத்துக்கு. அது ஊருக்கே தெரியும்.

ஒராஸ்பை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். பென்ஷன் காகிதம் சட்டைப் பையில் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பதிவேட்டுல லேட்டுக்குக் காரணம் மணல் காத்துன்னு எழுதினேன்," என்றார். "அன்னைக்கு ஒரு இலைகூட அசையல. கொடியைக் கையில வெச்சுக்கிட்டு, நானும் அழுதுக்கிட்டேதான் நின்னேன்... நிறுத்தினது மீன்தான்."