காணப்படவில்லை

நேற்றுக் காலை பத்து மணிக்கு எடுத்த ஸ்லைட் அது. இன்று வெள்ளி, ஜும்ஆத் தொழுகை நேரம். அதிலிருந்தவை எப்போதோ காய்ந்து செத்திருக்க வேண்டும்.

கால்கள் அசைந்தன.

றுக்ஸானா நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுத்தாள். கண்ணைக் கசக்கிவிட்டு மீண்டும் குனிந்தாள். எட்டுக் கால், நீண்ட வால். மயிர்க்குழிக்குள் தலைகீழாகக் கிடந்து கொழுப்பைத் தின்னும் சிற்றுண்ணிகள். எல்லோர் முகத்திலும் சில இருக்கும். ஒரு சதுர சென்ரிமீற்றரில் ஐந்துக்குள் இருந்தால் பயமில்லை. கலியாணம் பேசியிருந்த றிஸ்லாவின் கன்னத்தில் எண்பத்து மூன்று.

நேற்றும் அதே எண்பத்து மூன்றைத்தான் எண்ணினாள். எண்ணிவிட்டு, அறிக்கையில் "காணப்படவில்லை" என்று அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

லேப் முதலாளி அர்ஷாத் அவளுடைய கதிரைக்குப் பின்னால் நின்றபடி, தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே சொல்லியிருந்தார்.

"தங்கச்சி, இல்ல எண்டு எழுதுங்க."

"எண்பத்து மூண்டு இரிக்கி சேர்."

"ஆருட மூஞ்சியில இல்ல? ஒங்கட மூஞ்சியில இல்லையா? கலியாணப் புள்ளைக்குப் பூச்சி எண்டு எழுதினா மாப்பிள ஊட்டுக்காரன் என்ன கதைப்பான்? ஒரு பொம்புளப் புள்ளட வாழ்க்கையில விளையாடாதீங்க."

அவருக்கு றிஸ்லாவின் வாழ்க்கையைப் பற்றிக் கவலையில்லை. அவர் மனைவி முனவ்வறா வீட்டுக் குசினியில் பாமசி மருந்தையும் வாசனையையும் குழைத்துக் கிறீமாக்கிச் சின்ன டப்பாவில் அடைத்து விற்கிறாள். சாய்ந்தமருதில் கலியாணம் பேசிய பெண்கள் எல்லோர் வீட்டு அலுமாரியிலும் அந்த டப்பா இருக்கிறது. ஒரு மாதம் முகம் வெளுக்கும். பிறகு சிவக்கும், எரியும். வெளுத்து மெலிந்த தோலுக்குள் உண்ணி பெருகும். இந்த ஆறு வாரத்தில் ஏழாவது முகம் இது. ஏழு முறை "காணப்படவில்லை". ஏழு கையெழுத்தும் றுக்ஸானாவுடையது.

பூச்சி இருந்தால் கிறீமை நிறுத்து என்று டொக்டர் றிஸ்லாவிடம் சொல்லியிருந்தார். இல்லை என்று தாள் சொன்னால்? உம்மாக்காரி இன்னும் கூட அப்புவாள்.

அதனால்தான் இன்று மதியம் றுக்ஸானா வீட்டுக்குப் போகவில்லை. அர்ஷாத் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பள்ளிக்குப் போனதும் மாடியில் தனியே இருந்துகொண்டாள். மறுபடி எண்ணி, உள்ளதை அடித்து, தானே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறாள். வேலை போனால் போகட்டும்.

கீழே தெரு வெறிச்சென்று கிடந்தது. கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. பள்ளி ஒலிபெருக்கியில் குத்பா பிரசங்கத்தின் குரல் காற்றோடு வந்து வந்து தேய்ந்தது. அது தேயும் இடைவெளிகளில் கடலின் இரைச்சலும், பழைய குளிர்சாதனப் பெட்டியின் முனகலும், மேசையில் பரவிக் கிடந்த ஸ்பிரிட்டின் குளிர்ந்த நெடியும் அறையை நிறைத்தன.

எண்ணத் தொடங்கினாள். பதினாறு வந்தபோது நிறுத்தினாள்.

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் பார்த்தன.

ஸ்லைட்டைத் திருப்பி வைத்தாள். குனிந்தாள். வில்லை கலங்கித் தெளிந்தது. அவை மெல்ல, நெருக்கியடித்துக்கொண்டு, வட்டமடித்தன. மறுபடி அதே பக்கம்.

வாசல் பக்கம்.

ஸ்லைட் பெட்டியைத் திறந்து பழையவற்றை எடுத்தாள். ஆறு வாரத்துக்கு முந்தியது. உயிரோடு இருந்தது. அதுவும் வாசலைப் பார்த்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"ராத்தா, இரிக்கீங்களா?"

றிஸ்லா. கறுப்பு அபாயா, கண் மட்டும் தெரியும் முகத்திரை. ஆம்பிளைகள் எல்லாம் பள்ளியில் இருக்கும் நேரம் பார்த்து, யார் கண்ணிலும் படாமல் வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. குரலில் சிரிப்பு.

"ஒங்களுக்குக் காட்டத்தான் ஓடி வந்தன். பூச்சி இல்ல எண்டு நீங்க எழுதித் தந்தீங்கதானே, உம்மா ரெண்டு டப்பாவையும் வழிச்சுப் பூசிட்டா. சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற மாதிரி. ஒரு ராவுல எல்லாம் போயிட்டு கா!"

திரையைத் தூக்கினாள்.

வெள்ளை. சிவப்பு இல்லை. பரு இல்லை. உதட்டுக்கு மேலிருந்த பூனைமயிர் இல்லை. உரித்த முட்டைபோல வழவழப்பு. றிஸ்லா சிரித்தாள். கண் முதலில் சிரித்தது. முகம் சற்றுப் பிந்தி, யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல், அதைச் செய்தது.

"எரியுதா?"

"ஒண்டுமே தெரியல்ல. கிள்ளினாலும் தெரியல்ல."

றுக்ஸானாவின் கோபம் பயத்தை மிதித்துக்கொண்டு எழுந்தது. அர்ஷாத் மேல். முனவ்வறா மேல். இந்த வெள்ளைக்காக வரிசையில் நிற்கும் ஊர் மேல். கையெழுத்துப் போட்ட தன் விரல்கள் மேல்.

"இரி அதுல. இன்னொருக்கா எடுக்கணும்."

"என்னத்துக்கு? அஸர் தொழுகைக்குப் பொறகு மாப்பிளட உம்மா ஆக்கள் வாறாங்க. தழும்பு கிழும்பு வந்தா உம்மா என்னக் கொன்டுபோடுவா."

"தழும்பு வராது. நேத்து நான் எழுதினது பொய் புள்ள. இண்டைக்கு உள்ளத எழுதப்போறன். கண்ண மூடு."

றிஸ்லா சிரிப்பை நிறுத்தினாள். கண்ணை மூடினாள்.

புதுக் கண்ணாடி ஸ்லைட். நடுவில் ஒரு துளி பசை. இடது கன்னத்தில் வைத்து அழுத்தினாள். ஒரு நிமிடம். எல்லோருக்கும் இழுக்கும்போது மயிர் பிடுங்குவதுபோல் சுள்ளென்றிருக்கும். எல்லோரும் பல்லைக் கடிப்பார்கள்.

இழுத்தாள்.

பிடிப்பே இல்லை.

கன்னம் கண்ணாடியோடு வந்தது. மூக்கு வந்தது. நெற்றி வந்தது. ஆறிய பாலின் ஆடைபோல, சத்தமில்லாமல், நாடிவரை ஒரே துண்டாக வந்தது.

இரத்தம் இல்லை.

அடியில் சதையும் இல்லை. நெருக்கி நட்ட நாற்றுப்போல வால்கள். கண்ணால் பார்க்கக்கூடிய அளவு. கோடி. காதிலிருந்து காதுவரை அலையடித்தன. மூடிய இமை இல்லை. வாய் இருந்த இடம் தெரியவில்லை. மடியில் கைகள் மட்டும் ஒன்றையொன்று பிடித்தபடி ஒழுங்காக இருந்தன.

றுக்ஸானா கண்ணாடியைப் பிடித்தபடியே பின்னால் நகர்ந்தாள்.

"எடுத்தாச்சா ராத்தா?"

கதிரையிலிருந்து வரவில்லை குரல்.

அவள் கையில், கண்ணாடியில் தொங்கிய வெள்ளை முகம் உதட்டைத் திறந்து மறுபடி கேட்டது.