மூன்றாவது பாட்டில் மூன்று தட்டு

டயர் கடைக்குப் பக்கவாட்டில் இருந்த இரும்புக் கதவைத் திறந்தால் கீழே பதினான்கு படிகள். ஆணி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இறங்கினான். எட்டாவது படியில் நின்ற கால், ஒன்பதாவதைத் தொடாமல் பத்தாவதுக்குப் போனது. இருபத்திரண்டு வருஷமாக அவன் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மறந்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

வெளியே மதிய வெயில் கொளுத்தியது. படியில் மட்டும் ரப்பர் வாடையும், ஈரச் சுவரின் பூஞ்சை வாடையும், அப்படியே.

"வாங்கண்ணா. பார்த்து, வெளிச்சம் கம்மி," என்று கீழிருந்து குரல் கொடுத்தாள் ஒலிப்பதிவுக்காரி. முப்பது வயதுக்காரி. இந்த அடித்தள அறையை வாடகைக்கு எடுத்துப் பழைய டேப்புகளைத் தூசு தட்டிச் சுத்தம் செய்து கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. அவனைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. அவளைப் போன்றவர்களுக்கு அவன் ஒரு தெய்வம்.

இளவயதில் உடம்பு ஒல்லி, தலை பெரிது, அதனால் ஆணி. இப்போது தொப்பை போட்டுவிட்டது, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. 'காலாவதி' என்ற பங்க் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தவன். பங்க் என்றால் பெரிய சங்கீதம் ஒன்றும் இல்லை. மூன்று ஸ்வரக்கட்டு, முப்பது கோபம், ரெண்டு நிமிஷத்துக்குள் பாட்டு முடிந்துவிடும். டிரம்ஸ் அடித்தவனுக்குப் பெயர் குக்கர், ஏனென்றால் அடித்துக்கொண்டே விசிலும் அடிப்பான். பாட்டெல்லாம் எழுதி, பேஸ் கிட்டாரும் வாசித்துப் பாடியவள் காக்கா. அவள் வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

மூன்று பேரும் இதே அறையில் ஒரே ஒரு கேசட் பதிவு செய்தார்கள். அது வெளிவருவதற்குள் காக்கா செத்துப்போனாள். இந்தப் படிகளில், ஒன்பதாவது படியில். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. கேசட்டில் இருப்பது ஆணியின் குரல். கடைசி நேரத்தில் அவள் பாடமாட்டேன் என்று ஒதுங்கிவிட்டதால் தான் பாட வேண்டியதாகிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தான். சொல்லிச் சொல்லி அவனுக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

"குக்கர் அண்ணனோட சம்சாரம் கொடுத்தாங்க. அவர் போன பிறகு பரண்ல கெடச்சுதாம்." ஒலிப்பதிவுக்காரி ஒரு கேசட்டை நீட்டினாள். "மூலப் பதிவு. டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல், நாலும் தனித்தனித் தடத்துல இருக்கு. மறுபதிப்புக்கு இதைவிட என்ன வேணும் சொல்லுங்க?"

ஆணி அதைக் கையில் வாங்கவில்லை.

கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே யாரும் பதிவு செய்ய முடியாது. இந்தக் கேசட்டில் அது உடைந்திருந்தது. உடைந்த குழியின் மேல் பழுப்பேறிய செலோடேப் ஒட்டியிருந்தது.

"யாரோ அழிக்கக்கூடாதுன்னு உடைச்சிருக்காங்க. வேற யாரோ அதை அடைச்சுட்டு மேலயே பதிஞ்சிருக்காங்க," என்றாள். "யாருண்ணா?"

"குக்கரா இருக்கும்," என்றான். செத்தவன் மறுக்கவா போகிறான்?

அவள் மூன்றாவது பாட்டை ஓடவிட்டாள். 'வாடகை வாய்'. நடுவில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்று ஒரு இடைவெளி வரும். அந்த இடைவெளியில் டக், டக், டக் என்று மூன்று தட்டு. அந்தக் கேசட்டைப் பிரதிக்குப் பிரதி எடுத்துக் கேட்டு வளர்ந்த கூட்டத்துக்கு அந்தத் தட்டுகள்தான் உயிர். எந்தக் குழு எந்த மேடையில் இந்தப் பாட்டை வாசித்தாலும் அந்த இடத்தில் எல்லாரும் சுவரிலோ மேஜையிலோ பக்கத்தில் இருப்பவன் மண்டையிலோ மூன்று முறை தட்டுவார்கள். ஆணியும் சிரித்துக்கொண்டே தட்டியிருக்கிறான். மேஜைக் காலை உதைத்ததாகப் பேட்டியெல்லாம் கொடுத்திருக்கிறான்.

"இது மேஜை இல்லண்ணா," என்று மெதுவாகச் சொன்னாள். "குரல் தடத்தைத் தனியாக் கேட்டேன். மைக்குக்குப் பின்னால, தூரத்துல. கதவு மாதிரி இருக்கு. அதுக்கடியில யாரோ பேசற மாதிரியும் இருக்கு. பொம்பளைக் குரல்."

"பழைய டேப்புல அப்படித்தான் ஏதாவது கேக்கும்," என்றான் ஆணி.

"டேப் ரொம்ப நைஞ்சுபோச்சு. இன்னும் ரெண்டு தடவைதான் தாங்கும். கம்ப்யூட்டர்ல ஏத்தும்போதே அவங்களும் கேக்கட்டும்னு காக்காவோட அக்காவை நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். தங்கச்சி குரல் எதுலயுமே இல்லைன்னு போன்ல அழுதாங்க. இந்த முணுமுணுப்பாவது கெடைக்கட்டுமே."

அந்த அக்காவை அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. காக்காவின் உடலை எடுத்துப் போகும் முன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அவ குரல் எதுலயாவது இருக்கா?" என்று கேட்டாள். "இல்லக்கா, எதுவும் பதியலை," என்று சொல்லி அவளோடு சேர்ந்து அழுதான். அழுகை உண்மைதான். அதுதான் இன்னும் கேவலம்.

"பஸ் நிறுத்தத்துல நிப்பாங்க, கூட்டிட்டு வந்துடறேன். கால் மணி நேரம் ஆகும்," என்று ஒலிப்பதிவுக்காரி படியேறிப் போனாள்.

மணி மூன்றே முக்கால். ஆணி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

குரல் தடத்தை மட்டும் வெறுமையாகப் பதிந்துவிட்டால் போதும். பழைய டேப், ஏதோ கோளாறு என்று பூசி மெழுகிவிடலாம். பங்க் பாட்டில் இதுதான் ஒரே வசதி, ரெண்டு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். மெஷினில் இருந்த கேசட்டை மூன்றாவது பாட்டின் தொடக்கத்துக்குச் சுற்றினான். ஹெட்போனை மாட்டினான். நான்காவது தடத்துக்குப் பதிவுப் பொத்தானை அழுத்தினான்.

அன்றைக்கும் இதே வரிசையில்தான் செய்தான். காக்கா பதினோரு பாட்டையும் பாடி முடித்து, அந்தப் பிளாஸ்டிக்கைத் தன் கையாலேயே உடைத்து, "இனி எவனும் கை வைக்க முடியாது" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தாள். சுவரொட்டியில் அவள் முகம். கூட்டத்தில் அவள் பெயர். ஆணிக்கு வயிறு எரிந்தது. செலோடேப்பை ஒட்டி, அவள் குரலின் மேல் ஒவ்வொரு பாட்டாகப் பாடிக்கொண்டே வந்தான். மூன்றாவது பாட்டில் கதவு தட்டப்பட்டது. விஷயம் தெரிந்து சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தான். "கேக்குது, கேக்குது! முடிச்சிட்டு வர்றேன்" என்று கத்தினான். அது மைக்கில் விழுந்து பாட்டைக் கெடுத்துவிட்டது. பின்னால் சுற்றி மறுபடி பாடினான். மறுபடியும் மூன்று தட்டு, இந்தத் தடவை மெதுவாக. ஹெட்போனின் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டான்.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது அவள் ஒன்பதாவது படியில் கிடந்தாள். மேலே போக முயன்றிருக்கிறாள். அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். அறைக்குள், நாற்காலியில், காலையில் அவள் மறந்துவிட்டுப் போன பை. உள்ளே இன்ஹேலர்.

பையை எடுத்து வந்து அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு அவளைத் தாண்டி வீட்டுக்குப் போனான். குக்கர் வந்து பார்த்து ஊரைக் கூட்டினான்.

டேப் சுற்றியது. கிட்டார் காதில் இரைந்தது. ஆணியின் கண் நான்காவது தடத்தின் ஒலியளவு முள்ளில் இருந்தது. மைக் எதுவும் சொருகவில்லை. வயர் சுவரில் சுருட்டித் தொங்கியது.

முள் எழும்பியது.

மூன்று முறை.

ஏதோ மின்சாரக் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். புதினா மாத்திரை வாசனை அடித்தது. தொண்டைக்காகக் காக்கா எப்போதும் ஒதுக்கிவைத்திருக்கும் மாத்திரை.

டக். டக். டக்.

இது ஹெட்போனில் இல்லை. கதவில்.

அவர்கள் திரும்பிவிட்டார்கள்! பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது.

"கேக்குது, கேக்குது! முடிச்சிட்டு வர்றேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

மறுபடியும் தட்டு. மெதுவாக. இந்த முறை கதவின் கீழ்ப்பாதியில். நிற்க முடியாதவர் உட்கார்ந்துகொண்டு தட்டினால் வரும் உயரத்தில்.

பிறகு நகம் மரத்தில் இழுபடும் சத்தம்.

பாட்டு முடிய இன்னும் நாற்பது விநாடி இருந்தது. எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தள்ள நாலே எட்டு. கை தாழ்ப்பாளுக்குப் போகவில்லை. ஹெட்போன் குமிழுக்குப் போனது. சத்தத்தைக் கூட்டினான்.

டேப் நின்றதும் கதவைத் திறந்தான். படியில் யாரும் இல்லை. மேலே தெருவின் இரும்புக் கதவு அப்போதுதான் திறந்தது. ஒலிப்பதிவுக்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா ஒவ்வொரு படியாக இறங்கினாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"நல்லா இருக்கியா தம்பி?"

"இருக்கேன்க்கா," என்றான். முடித்துவிட்டோம் என்ற நிம்மதியில் நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டான்.

ஒலிப்பதிவுக்காரி டேப்பைப் பின்னால் சுற்றி, கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டே ஓடவிட்டாள்.

குரல் வந்தது. அவனுடையது இல்லை. கரகரவென்று, அடித்தொண்டையில் ஆரம்பித்து ஆகாயத்தில் போய் முடியும் காக்காவின் குரல். நேற்றுப் பாடியதைப் போலத் தெளிவாக இருந்தது. அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒலிப்பதிவுக்காரி மெஷினையும் ஆணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இடைவெளி வந்தது. தட்டு இல்லை. அதற்குப் பதிலாக, மைக்கை ஒட்டி, மூச்சு இரைக்க இரைக்க:

"ஆணி... பையை மட்டும் குடு... மூச்சு முட்டுது."

அடுத்து இருபத்து நாலு வயது ஆணியின் குரல்.

"கேக்குது, கேக்குது! முடிச்சிட்டு வர்றேன்."

பாட்டு தொடர்ந்து ஓடி முடிந்தது. யாரும் நிறுத்தவில்லை.

"பை அவ கைக்குப் பக்கத்துலதான் கெடந்துச்சு," என்றாள் அக்கா. "கையை நீட்டினா எட்டும். ஏன் எடுக்காமப் போனாள்னு இத்தனை வருஷமா அவளைத்தான் திட்டிட்டு இருந்தேன். அவளைத்தான் தம்பி."



அக்கா எழுந்து, மெஷினிலிருந்து கேசட்டை வெளியே எடுத்து, நகத்தால் அந்தச் செலோடேப்பைச் சுரண்டிப் பிய்த்து அவன் சட்டைப் பையில் போட்டாள். கேசட்டைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு படியேறினாள். ஒன்பதாவது படியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

மறுபதிப்பு காக்காவின் பெயரில் வந்தது. ஆணியை இப்போது எந்த மேடைக்கும் கூப்பிடுவதில்லை. கடையில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. இன்னொரு புகார்தான் ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒலிப்பதிவுக்காரிக்கு வந்துகொண்டே இருக்கிறது. பழைய கேசட்டுகளில், பிரதிகளில், பிரதியின் பிரதிகளில், எதிலுமே அந்த மூன்று தட்டு இப்போது இல்லையாம். எங்கே போயிற்று என்று கேட்கிறார்கள். அவளுக்குத் தெரியவில்லை.

ஆணிக்குத் தெரியும். தினமும் மதியம் மூன்றே முக்காலுக்கு வீட்டுக் கதவில் கேட்கிறது. முதலில் வாசல் கதவு, பிறகு படுக்கையறை, பிறகு குளியலறை. ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்த் திறக்கிறான். இப்போதெல்லாம் ஒரு நொடிகூடத் தாமதிப்பதில்லை. யாரும் இருப்பதில்லை.

போன வாரம் தச்சரை வரவழைத்து வீட்டில் இருந்த எல்லாக் கதவுகளையும் கழற்றிவிட்டான். "திருடன் வந்தா என்ன சார் பண்ணுவீங்க?" என்று தச்சர் கேட்டதற்கு, வரட்டும் என்றான். கழற்றிய கதவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடத்துச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் போனார்.

மணி மூன்றே முக்கால் ஆனது. ஆணி தரையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

அடுக்கில் கடைசியாக, சுவரை ஒட்டி இருந்த கதவில், சுவர்ப் பக்கத்திலிருந்து, கீழ்ப்பாதியில், மெதுவாக மூன்று தட்டு கேட்டது.