வெற்று வானில் எழுந்த கோடு

கருவியைச் சரிபார்ப்பதற்காக, எதுவுமே இல்லாத வானத்தைத்தான் ரேடியோ தொலைநோக்கியின் ஆன்டெனா பார்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் திரையில் ஒரு கோடு எழும்பியிருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். விடுமுறை நாளின் பிற்பகல். கட்டுப்பாட்டு அறையில் அவளைத் தவிர யாருமில்லை. ஏ.சி.யின் ஒரே சீரான இரைச்சல், சூடேறிய வயர்களின் ரப்பர் வாசனை, திரைச்சீலை இடுக்கு வழியே தரையில் விழுந்து அசையாமல் கிடந்த வெயில் கீற்று, எல்லாம் எப்போதும்போலத்தான் இருந்தன.

வயதான ராட்சத விண்மீன்கள் தம் உடலையே வாயுவாக ஊதித் தள்ளிக் கரைந்துபோகின்றன. அந்த வாயுவில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் ரேடியோ அலைகளை வீசும். திரையில் அது கோடாக எழும்பும். அதன் உயரத்தையும் அகலத்தையும் வைத்து விண்மீன் வருடத்துக்கு எவ்வளவு இளைக்கிறது என்று சொல்லலாம். கோடு இடம் நகர்ந்தால், வருகிறதா போகிறதா, என்ன வேகத்தில் என்பதும் தெரிந்துவிடும். இந்தக் கணக்கில் அவள் பெயர் வாங்கியவள். 'வாங்கியவள்' என்பது நாகரிகத்துக்குச் சொல்வது.

கணக்கு முறை அக்காவுடையது. கூடப் பிறந்தவள் இல்லை. ஆறு வருடம் கூட வேலை செய்தவள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவள் ஆய்வுக் கட்டுரையைத் தன் பெயரில் மட்டும் அனுப்பினாள். அக்காவின் பெயர் கடைசிப் பக்கத்து நன்றி வரியில், கம்ப்யூட்டர் பழுது பார்த்தவருக்கு அடுத்ததாக இருந்தது.

அக்கா அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் போனில் பேசினாள். "பாத்தேன்டி. பரவால்ல, எழுத்துப் பிழை இல்லாம போட்டிருக்க." சிரிக்கப் போய் இருமினாள். அதற்குப் பிறகு அக்காவிடமிருந்து வந்த பதினோரு அழைப்புகளை இவள் எடுக்கவில்லை. சாவுக்கும் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

ஆன்டெனா அடிவாரத்தில் இருந்த ஆபரேட்டருக்கு போன் போட்டாள்.

"அண்ணா, டிஷ் எங்க பாக்குது?"

"நீங்க சொன்ன வெத்து எடத்ததாம்மா. ஏன்?"

"கோடு வருது."

"எவனாச்சும் பக்கத்துல மைக்ரோவேவ் அடுப்பத் தொறந்திருப்பான்," என்று சிரித்தார்.

அவள் போனை வைக்காமலே திரையைப் பார்த்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஓர் அளவீடு. நம்மை நோக்கி, நொடிக்குப் பதினான்கு கிலோமீட்டர். அடுத்தது ஒன்பது. அதற்கடுத்தது மூன்று. ஸ்டேஷனுக்குள் நுழையும் ரயில்போல வேகம் தணிந்துகொண்டே வந்தது.  அவளுக்குள் பயத்தைவிட அதிகமாக வேறொன்று இருந்தது. மாட்டிக்கொண்ட உணர்வு.

"அண்ணா, டிஷ்ல இருக்கற ரிசீவர மூடிடுங்க."

"மூடியாச்சும்மா. இனிமே ஒண்ணும் வராது."

வந்தது.

நொடிக்கு ஒரு மீட்டர். அவ்வளவு சின்ன வேகத்தை அந்தக் கருவியால் அளக்கவே முடியாது. அளந்திருந்தது. ஆள் நடக்கிற வேகம்.

அவள் வராந்தாவைக் காது கொடுத்துக் கேட்டாள். காலடி இல்லை. ஏ.சி. மட்டும்.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்? லைன்ல இருக்கீங்களா?"

சொல்லியிருக்கலாம். ஆனால் எதைச் சொல்வது? இது யாரென்று சொன்னால், ஏன் என்றும் சொல்லவேண்டுமே. "ஒண்ணுமில்லண்ணா," என்று வைத்துவிட்டாள்.

அடுத்த அளவீடு. பூஜ்யம்.

வருவது நின்றுவிட்டது.

பிறகு கோடு லேசாக இந்தப் பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் சாய்ந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அல்ல, நிற்காமல். நோக்கி. விலகி. நோக்கி. விலகி. நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதுபோல.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

அது அடங்கவில்லை.

ஏ.சி. சத்தம் நின்றிருந்தது. எப்போது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசனை. மருந்து. ஈரத்துணி. தலை திரும்பவில்லை. திரும்ப மறுத்தது.

"நான்தான்," என்றாள். யாரிடமும் சொல்லாததை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். "தெரிஞ்சேதான் பண்ணேன்கா."



இடது கைப்பக்கம் 'உஸ்' என்றது. காலியாக இருந்த சுழல் நாற்காலியின் இருக்கை மெல்ல அமுங்கியது. முழுசாக அல்ல. எலும்பும் தோலுமாகிவிட்ட ஒரு உடம்புக்கு எவ்வளவு அமுங்குமோ, அவ்வளவு மட்டும்.

பிறகு சக்கரங்கள் உருண்டன. நாற்காலி ஒவ்வொரு அங்குலமாக, திரையை ஒன்றாகப் பார்க்க வசதியாக, அவளை ஒட்டி வந்து நின்றது.