ஆறு மணி நேரம் முன்னே

போன் அலறியது.

காண்டீபன் பல் துலக்கியபடியே எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"மிஸ்டர் காண்டீபன்? இன்ஸ்பெக்டர் ஜனகா, பாலாய் போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து பேசறேன்."

"சொல்லுங்க மேடம்..."

"டுரியான் துங்கால்ல தனபாலன் கோல்ட் ஸ்டோர். நேத்து சாயங்காலம் அங்க ஒரு கொலை."

நுரை தொண்டைக்குள் இறங்கியது.

"யாரு மேடம்?"

"தனபாலனேதான். பின் மண்டையில அடி. ஐஸ் ரூமுக்குள்ள கிடந்தார். ஆனா கவலப்படாதீங்க. உங்க மெஷின் ஆள காட்டிக் குடுத்துடுச்சு."

தனபாலன், டுரியான் பழச் சுளைகளை உறைய வைத்து ஏற்றுமதி செய்தவர். அவருடைய குளிர் அறைக் கதவுக்குக் கார்டு பூட்டு போட்டுக் கொடுத்தவன் காண்டீபன். யார் கார்டு பட்டாலும் பெயரும் நேரமும் பிளாக்செயினில் ஏறிவிடும். ஏறியதை எவராலும் அழிக்க முடியாது.

அப்படிச் சொல்லித்தான் விற்றிருந்தான்.

"ஸ்டோர் கீப்பர் மாயாண்டி," என்றாள் ஜனகா. "தனபாலன் அஞ்சு மணிக்கு போன்ல பேசியிருக்கார். ஏழு மணிக்கு லாரி டிரைவர் பாக்கறான், கதவு அரைகுறையா தொறந்து கிடக்கு, உள்ள பிணம். நடுவுல ஒரே ஒரு கார்டுதான் பட்டிருக்கு. ஆறு மணி, மாயாண்டி கார்டு. நீங்க ஸ்டோருக்கு வாங்க. ரெக்கார்ட மாத்த முடியாதுன்னு ஒரு சைன் போட்டா போதும்."

தொடர்பு அறுந்தது.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் மூடவில்லை.

ஆறு மணி...

நேற்றுக் காலை பதினோரு மணிக்குத் தான் செய்த காரியம் நினைவுக்கு வந்தது. முன்னறைக்கு ஓடினான்.

மலாக்காவின் புக்கிட் பெருவாங்கில் இருந்த அவன் வீட்டின் முன்னறைதான் ஆபீஸும். மேஜையில் ஒரு லேப்டாப். சூடாகாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு காற்றாடி.

அந்த லேப்டாப்தான் தனபாலனின் பிளாக்செயின். முழுவதும்.

உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் பதிவு இருக்கும் என்று சத்தியம் செய்திருந்தான். இருந்தது ஒன்றே ஒன்று. எழுதிய புரோகிராமைச் சொந்த மெஷினிலேயே ஓட்டிப் பார்ப்பதற்கான ஒற்றைக் கணினி முனை, சோதனை நோட். நிஜ வலையில் இணைப்பதை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப் போட்டான். கேட்க ஆளில்லை. அப்படியே விட்டுவிட்டான்.

சோதனை நோட்டில் ஒரு வசதி உண்டு. ஒரு கட்டளை தட்டினால் அதன் கடிகாரம் முன்னே பாயும். சாயங்காலம் நடக்க வேண்டியதைக் காலையிலேயே சோதித்துவிடலாம்.

பாய்ந்த கடிகாரம் மட்டும் பின்னே வராது. நோட்டை நிறுத்தித் திரும்பக் கிளப்ப வேண்டும். கிளப்பினால் அதுவரை ஏறிய பதிவு அத்தனையும் துடைத்துப் போய்விடும்.

வாசலில் றெஜினா நின்றாள். போன் பேச்சு முழுவதும் அவள் காதில் விழுந்திருந்தது. மனைவி. அந்த இரண்டு பேர் கம்பெனியின் இன்னொரு ஆள்.

"நேத்து டைம தள்ளி டெஸ்ட் பண்ணீங்களே... சரி பண்ணீங்களா?"

அவன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான்.

"காண்டீ, எவ்ளோ தள்ளினீங்க?"

"ஆறு மணி நேரம்."

"ஏன் ரீஸ்டார்ட் பண்ணல?"

"பண்ணா பழைய ரெக்கார்ட் எல்லாம் போயிடும். தனபாலன் போன்ல தொறந்து பாத்தா காலியா இருக்கும். ஒரு நாள் கழிச்சு ஏதாச்சும் சொல்லி சமாளிக்கலாம்னு..."

"அப்ப மாயாண்டி அண்ணன் கதவ தொறந்தது?"

"மத்தியானம் பன்னண்டு மணிக்கு."

காற்றாடி சுற்றியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போய் சொல்லிடுங்க," என்றாள்.

"சொன்னா அப்புறம் மலாக்கால ஒரு கடைக்காரனும் நம்மள உள்ள விடமாட்டான் லா."

"நாம கடைக்கு வெளிய நிப்போம். அவரு ஜெயிலுக்கு உள்ள இருப்பாரு. எது பரவால்ல?"

அவன் கார் சாவியை எடுத்தான்.

குளிர் அறைக்கு முன்னால் மஞ்சள் நாடா கட்டியிருந்தது. டுரியான் வாசனை மட்டும் அதைத் தாண்டி வந்தது.

ஹரிதாஸ் ஓடிவந்து காண்டீபனைக் கட்டிக்கொண்டான். இறந்தவரின் தம்பி. கண்கள் சிவந்திருந்தன.

"தம்பி, உங்க மெஷின் இல்லன்னா இவன் தப்பிச்சிருப்பான். எனக்குத் தெரிஞ்ச தௌக்கேங்க, கடை மொதலாளிங்க எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன். எல்லாரும் இதப் போடணும்."

கவிழ்த்த கூடையின் மேல் மாயாண்டி உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது. கையில் விலங்கு. மடியில் வைத்த கைகளைப் பார்த்தபடி இருந்தார்.

ஜனகா காகிதத்தையும் பேனாவையும் நீட்டினாள். ஒல்லியான உருவம், தூங்காத கண்கள்.

"ஒரே கேள்விதான். இந்த ரெக்கார்ட மாத்த முடியுமா, முடியாதா?"

சொல்லிவிடு. இப்போதே.

"...முடியாது மேடம்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. இத்தனை மாதம் சொல்லிப் பழகிய வாய். காண்டீபனுக்குக் காது மடல்வரை எரிந்தது.

மாயாண்டி தலை நிமிர்ந்தார். அந்த முகத்தில் கோபமே இல்லை.

"மேடம், நான் மத்தியானம் தொறந்ததாத்தான் ஞாபகம். ஆனா தம்பி படிச்சவரு. அவரு மெஷின் ஆறு மணின்னா ஆறு மணியாத்தான் இருக்கும். எனக்குத்தான் வயசாச்சு... சாயங்காலமும் ஒருக்கா தொறந்துட்டு மறந்துட்டேன் போல." கொஞ்சம் யோசித்தார். "ஆனா மொதலாளிய நான் அடிக்கல. அத மறந்திருக்க மாட்டேன்ல?"



காண்டீபன் பேனாவைக் கீழே வைத்தான்.

"மேடம்... அந்த ரெக்கார்ட் பொய்."

சொன்னான். ஒற்றை லேப்டாப்பைச் சொன்னான். தள்ளிவிட்ட கடிகாரத்தைச் சொன்னான். திரும்பக் கிளப்பப் பயந்ததைச் சொன்னான். தரையைப் பார்த்தே சொல்லி முடித்தான்.

ஹரிதாஸ் வெடித்தான்.

"டேய்! சோதனைச் சாமான எங்க அண்ணன் தலையில கட்டினியா? கனகரட்ணம் மகன்னு நம்பி நான்தானேடா உன்னைய கூட்டியாந்தேன். உங்கப்பா பேங்க்ல ஒரு கையெழுத்த நாலு தடவ சரிபார்ப்பாரு. அவருக்குப் போயி..."

அந்தப் பெயர் கன்னத்தில் விழும் அறையைவிட வலித்தது. காண்டீபன் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது?

"மேடம், இவன் பேச்ச கேக்காதீங்க. இப்பத்தான் ஒண்ணு சொன்னான், உடனே வேற ஒண்ணு சொல்றான்."

ஜனகா பைலைத் திறந்து ஒரு தாளை உருவினாள். கார்டு பட்ட நேரங்களின் பட்டியல் அது.

"காண்டீபன். உங்க மெஷின் ஆறு மணி நேரம் கூட்டிக் காட்டுதா, கொறச்சு காட்டுதா?"

"கூட்டி மேடம். அதுல ஆற கழிச்சா நெஜ நேரம்."

"எல்லா என்ட்ரிக்குமா?"

"நேத்து காலையில பதினோரு மணிக்கு அப்புறம் ஏறின எல்லாத்துக்கும்."

"ம்..." ஜனகா தாளில் விரல் வைத்தாள். "உங்கள நேர்ல வரச் சொன்னதே இந்தக் கடைசி வரியாலதான். நடுராத்திரி பன்னண்டு மணி. கதவுக்கு வெளிய என் கான்ஸ்டபிள் காவல். ஒரு ஈ கூட உள்ள போகல. ஆனா ஒரு கார்டு பட்டிருக்கு. அந்தக் கார்டுக்காரர் அப்ப பாலாய்ல என் எதிர்ல உக்காந்து கோப்பி குடிச்சிட்டு, அண்ணே அண்ணேன்னு அழுதுட்டிருந்தார்."

ஹரிதாஸின் கை மெல்லச் சட்டைப் பைக்குப் போனது.

"நடுராத்திரியில ஆற கழிச்சா எவ்ளோ?"

காண்டீபன் விரல் விட்டு எண்ணினான்.

"சாயங்காலம்... ஆறு மணி."

ஹரிதாஸ் ஒரு அடி பின்னால் வைத்தான். அங்கே ஒரு கான்ஸ்டபிள் நின்றிருந்தான். இன்னொரு பக்கம் திரும்பினான். அங்கேயும் ஒருவன்.

"பையில என்ன, கார்டா?" என்றாள் ஜனகா. "குடுங்க."

ஹரிதாஸ் கார்டை எடுத்து நீட்டினான்.

"அண்ணன் ஸ்டோர வித்துட்டு ஆஸ்திரேலியால மகன்கூட போய் இருக்கப்போறேன்னான் மேடம்... இருபது வருசம் கூடவே கெடந்தேன். என்னைய ஒரு வார்த்த கேக்கல."

மாயாண்டியின் கையிலிருந்து கழன்ற விலங்கு ஹரிதாஸின் கையில் ஏறியது.

ஜீப் கிளம்பிப் போனது. மாயாண்டி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார்.

"அண்ணே..." என்றான் காண்டீபன். எந்தச் சொல்லும் போதாது.

"அப்ப எனக்கு ஞாபகமறதி இல்லயா தம்பி?"

"இல்லண்ணே."

"அது போதும் லா." பெருமூச்சு விட்டார். "வூட்ல பாவம், என்னைய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு அழுதுட்டு இருக்கா."

காண்டீபனால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. காரை நோக்கி நடந்தான்.

"ஹலோ, எங்க கெளம்பிட்டீங்க?"

ஜனகாவின் கையில் புதிய வெள்ளைத் தாள்.

"கொலை கேஸ் அவருக்கு. இல்லாத சாமான இருக்குன்னு வித்த கேஸ் உங்களுக்கு. உக்காந்து எழுதுங்க."

மாயாண்டி எழுந்த அதே கூடையில் அவன் உட்கார்ந்தான். எழுதினான். ஒன்றையும் மறைக்கவில்லை. ஒவ்வொரு வரியும் தோலை உரித்தது. கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"மேடம்... கீழ நேரம் போடணுமா?"

"கண்டிப்பா," என்று தன் மணிக்கட்டை அவன் முன்னால் நீட்டினாள் ஜனகா. "ஆனா என் வாட்ச்ச பாத்துப் போடுங்க. உங்க மெஷின நம்பினா நான் இந்நேரம் டூட்டி முடிஞ்சு வீட்ல இருந்திருக்கணும்."