சால்னாவுக்குத் தொண்ணூற்றேழு

"நிலவே" என்று தொடங்கிய பல்லவிக்கு மெய்ம்மானி நூற்றுக்கு மூன்று மதிப்பெண் போட்டது. "உயிரே" என்றதற்கு இரண்டு. "உனக்காகச் சாவேன்" என்று செம்பியன் பாடியபோது முள் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனது. அங்கேயும் போகும் என்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

பாட்டெழுதியவர் தன் வரியைத் தானே பாடி அனுப்ப வேண்டும். குரல் நடுக்கத்தில் எவ்வளவு மெய் என்று மானி சொல்லிவிடும். அறுபதுக்குக் குறைந்தால் முத்திரை விழாது; பாட்டை வெளியிட முடியாது. இந்தச் சட்டம் வந்து இரண்டு ஆண்டுகளாக நாட்டில் ஒரு காதல் பாட்டும் வெளிவரவில்லை. காதல் மட்டும் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தது.

"நாலு மணிக்குள்ள முத்திரை விழலேன்னா என் மெட்டு பற்பசை விளம்பரத்துக்குப் போயிடும்டா," என்றார் இசையமைப்பாளர் பிலோமினா. "நீ யாரையாவது காதலிச்சிருக்கியா, இல்லையா?"

"முயற்சி பண்ணேன்க்கா. அவங்க ஒத்துழைக்கல."

செம்பியனுக்கு இது முதல் பாட்டு. பதினைந்தாவது தடவையாக எழுதி, பாடிப் பதிந்து, மூன்று ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினான். முள் ஒரு சுற்று சுற்றித் தொண்ணூற்றேழில் நின்றது. முத்திரை விழுந்தது. பிலோமினா அக்கா கண்கலங்கி, பதிவைப் போட்டுக் கேட்டார்.

'இன்னும் ஒரு கரண்டி சால்னா
ஊத்துங்க அண்ணே, காயுது பரோட்டா...'

மெட்டின் அளவு மறக்காமலிருக்க, வாயில் வந்ததைப் போட்டுப் பாடிவைப்பது பாட்டெழுதுகிறவர்கள் வழக்கம். காலையிலிருந்து சாப்பிடாமல், மதியம் அவன் பாடிவைத்த டம்மி வரி அது. அவசரத்தில் பதிவு மாறிப் போய்விட்டது. முத்திரை விழுந்த பாட்டில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது.

அக்கா பதிவை இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். பிறகு, "வயலினைக் கொஞ்சம் கூட்டிக்கிறேன்," என்றார்.

நாடு அழுதது. பேருந்தில் அழுதது, திருமண மண்டபத்தில் அழுதது. கைப்பேசியிலும் மெய்ம்மானி வந்துவிட்ட காலம். காதலைச் சொல்ல வந்த இளைஞர்கள் கண்ணை மூடி "காயுது பரோட்டா" என்று பாடினார்கள். பெண்கள் ஏறாத முள்ளைப் பார்த்துவிட்டு, "போய்ச் சாப்பிடாம வா," என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஆண்டின் காதல் கவிஞர் விருது செம்பியனுக்கு. மேடையில் ஆளுயர மானி.

"காதல்னா என்ன சார்?" என்றாள் தொகுப்பாளினி.

"காதல் என்பது இரு இதயங்களின்..."

முள் நான்கு. அரங்கம் நெளிந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்கட்டிலிருந்து குருமா வாசம் வந்தது.

"பந்தி ஆரம்பிச்சாச்சா?" என்றான் செம்பியன், தன்னையறியாமல்.

தொண்ணூற்றொன்பது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பிலோமினா அக்கா விசிலடித்தார். இசை நிறுவனத்தின் அதிகாரி ஓடிவந்து, அங்கேயே மூன்றாண்டு ஒப்பந்தத்தை நீட்டினார். கேட்காமலே எல்லாம் கொடுத்திருந்தார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: பாட்டு முடியும்வரை சாப்பாடு கிடையாது.

கையெழுத்துப் போடும்போது அவன் விரல் நடுங்கியது. மறுநாள் எல்லாச் செய்தித்தாள்களும் அந்த நடுக்கத்தைக் காதல் என்றே எழுதின.