தண்ணீர் தெளிக்காத தூசி

லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றியதும் நிவேதா முதலில் பார்த்தது ஈரத்தைத்தான். தை மாதத்திலிருந்து பீரோவுக்குள் பழைய போர்வைகளுக்கு அடியில் கிடந்தது அது. பேட்டரி தனியாக, ஒயர் தனியாக. உள்ளே ஈரம் வர வழியே இல்லை. மூடியின் உட்புறத்தில் விரலை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. விரலை எடுத்தபோது ஒரு நூல் கூடவே நீண்டு, நடுவில் தொய்ந்து, அறுந்தது.

விரலை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

வெளியே ஆடிக் காற்று. தங்க மைன்ஸ் ஓடிய காலத்தில் தாது அரைத்த கழிவைக் கொட்டி வைத்த சைனைட் மேட்டிலிருந்து சாம்பல் நிறப் பொடியை வாரிக்கொண்டு வந்து, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைன் வீடுகளின் தகரக் கூரைகள் மேல் சரசரவென்று இறைத்துக்கொண்டிருந்தது. சன்னல்களைச் சாத்தி, கதவடியில் நனைத்த சாக்கைத் திணித்திருந்தாள். நடுப்பகலிலும் வீட்டுக்குள் சாயங்காலம் போல இருந்தது. அந்த மூடிய காற்றில், திறந்து கிடந்த லேப்டாப்பிலிருந்து ஒரு வாசனை மெல்ல எழும்பியது. நீலகிரித் தைலம், புகையிலை, அதற்கு அடியில் புளித்த ஏதோ ஒன்று.

மாமாவின் வாசனை.

மாமனார் தர்மராஜ் மைன்ஸில் பாறை குடையும் ட்ரில்லராக இருந்தவர். கல்தூசி நுரையீரலில் உறைந்து, கடைசி இரண்டு வருடம் கட்டிலை விட்டு எழவில்லை. அவர் மகன், அவள் கணவன் ராகுலன் படித்த காலத்து லேப்டாப்பை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, பழைய குத்துச்சண்டைப் போட்டிகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார். "சூடா கீதும்மா. நெஞ்சுக்கு எதமா கீது" என்பார். கட்டில் பக்கத்தில், சளி துப்ப, மணல் போட்ட பால்பவுடர் டப்பா இருக்கும். காலையில் அதைக் கழுவுவது நிவேதாவின் வேலை. கெட்டியாக, சாம்பல் நிறமாக, தகரத்தில் ஒட்டிக்கொண்டு வராது. ஈர்க்குச்சியால் சுரண்ட வேண்டும். அந்த நாட்களில் தயிரைக் கண்டாலே அவளுக்கு வாயில் நீர் சுரந்து உமட்டும். தையில் அவர் போனபோது அவள் அழுதாள். மறுநாள் காலையில் டப்பா கழுவ வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வந்ததும் அழுகை நின்றுவிட்டது.

இப்போது இந்த லேப்டாப் அவளுக்கு வேண்டும். கார்மெண்ட்ஸ் வேனில் ஏறிப் போய்ப் பஞ்சுத்தூசியில் மூச்சிரைத்துத் திரும்பியவள் அவள். வீட்டிலிருந்தே ஃபோனில் பேசும் வேலை ஒன்று பெங்களூர்க் கம்பெனியில் இருந்தது. வெள்ளிக்கிழமை குரல் தேர்வு. அது கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை மறுபடி வேன். புது லேப்டாப் வாங்க வழியில்லை என்பதால், யூடியூபில் பார்த்துப் பார்த்து, பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி, கூடுதல் ரேம் என்று எல்லாவற்றையும் தானே மாற்ற உட்கார்ந்திருந்தாள்.

எஸ்எஸ்டி உட்கார்ந்தது. ரேம் உட்கார்ந்தது. பிறகு ஃபேனைத் தூக்கினாள்.

சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே, இடைவெளியே தெரியாமல், சாம்பல் நிறக் கம்பளி போல ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. அதில் குட்டி குட்டியாக வெள்ளை முடிகள் குத்திட்டு நின்றன. தாடி முடி. இரண்டு வருடம் அவர் இருமியதையெல்லாம் இந்த ஃபேன் இழுத்து இழுத்து இங்கே சேர்த்திருக்கிறது.

தூசியைக் கண்டால் தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்த வீட்டில் அதுதான் சட்டம். ஒருமுறை புத்தர் படத்தின் மேல் அவள் வாயால் ஊதியதற்குக் கட்டிலில் கிடந்தபடியே கத்தினார். "ஊதாதம்மா! தண்ணி தெளிச்சித் தொட! தண்ணி வுடாம பாறைல ட்ரில் போட்டவன் எவனும் நல்ல மூச்சு வுட்டுச் சாவல."

ஆனால் இது மின்சாரப் பொருள். தண்ணீர் படக் கூடாது.

நிவேதா குனிந்து ஊதினாள்.

தூசி எதிர்ப்பக்கம் போகவில்லை. திரும்பி வந்தது. திறந்திருந்த வாய்க்குள், தொண்டை வரை, வெதுவெதுப்பாக, லேசான உப்புக் கரிப்போடு. துப்பினாள். கொப்பளித்தாள். நாக்கை முந்தானையால் தேய்த்தாள். மிச்சத்தை இடுக்கியால் இழுத்தபோது, தகடுகளின் வரி வரியான தடத்தோடு ஒரு துண்டு மெத்தென்று கழன்று வந்தது. விரல் நீளம். ஆனால் தகடு வரிசை அதைப் போல இரண்டு மடங்கு நீளம் இருந்தது. மற்றப் பாதியை மேசையில் தேடினாள், தரையில் தேடினாள். கிடைக்கவில்லை.

சாயங்காலம் ராகுலன் பெங்களூர் ரயிலிலிருந்து இறங்கி வந்தபோது லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா நிவி, ஆப்பரேஷன் சக்ஸஸா?"

"ஓடுது. ஆனா சத்தத்தக் கேளுங்க."

"பதினஞ்சு வயசு கெழவன் மிஷினு. மூச்சு வாங்காதா பின்ன?" சிரித்துக்கொண்டே டீயை எடுத்தவன், அப்படியே நின்றான்.

மூன்று குட்டி இழுப்பு. ஒரு நீண்ட விசில். பிறகு எதுவுமில்லை. மாமா இருமலுக்கு முன் விடும் அந்த இடைவெளி. மறுபடி மூன்று குட்டி இழுப்பு.

"மூடிடு அத" என்றான். டீயைக் குடிக்காமல் வாசலுக்குப் போய்விட்டான்.

மறுநாள் ராபர்ட்சன்பேட்டையில், மாடிப்படி ஏறிப் போக வேண்டிய சிறிய ரிப்பேர் கடையில், நோயல் அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போல ஆட்டினான். "இன்னா சிஸ்டர், ஊரே அப்பளம் மாதிரி லேப்டாப் வாங்கிகினு கீது, நீங்க செங்கல்லத் தூக்கினு வர்றீங்க?" சிரித்துக்கொண்டேதான் திறந்தான். உள்ளே பார்த்ததும் கையுறை போட்டுக்கொண்டான். புது ஃபேன் பொருத்தி, பேஸ்ட் தடவி, ஓட விட்டான். "காதுல வெச்சாக்கூடக் கேக்காது."

"கேக்குதே."

நோயல் லேப்டாப்பை அணைத்தான். அவள் பக்கம் காதைச் சாய்த்தான். பிறகு அவன் நாற்காலியை மெதுவாகப் பின்னுக்கு நகர்த்தி, மேசை டிராயரிலிருந்து ஒரு முகக்கவசத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினான்.

"போட்டுக்குங்க சிஸ்டர்."

வெளியே அடிக்கும் தூசிக்காகச் சொல்கிறான் என்று நினைத்து, போட்டுக்கொண்டு இறங்கினாள். பஸ்ஸில் முகக்கவசத்தின் உட்புறம் நனைந்து உதட்டில் ஒட்டியது. நீலகிரித் தைலம் நாறியது.

வெள்ளிக்கிழமை மதியம். கதவடியில் ஈரச் சாக்கு. தலையில் ஹெட்செட். மறுமுனையில் மமதா என்ற பெண், கன்னட வாடையடித்த தமிழில், கனிவாகப் பேசினாள்.

"உங்க வாய்ஸ் ரொம்ப நல்லா இருக்கு, நிவேதா. ஒண்ணு கேக்கலாமா? பக்கத்துல யாராவது பெரியவங்க படுத்திருக்காங்களா?"

"இல்ல மேடம். வீட்ல நான் மட்டும்தான்."

"மூச்சு சத்தம் கேக்குதே."

"லேப்டாப் பழசு மேடம். ஃபேன்."

"ஃபேன் இல்லம்மா. யாரோ ரொம்பக் கஷ்டப்படறாங்க. கொஞ்சம் தள்ளி வெச்சுப் பேசுங்க."

நிவேதா மைக்கைக் கையால் பொத்தினாள். மூச்சை நிறுத்தினாள்.

மூன்று குட்டி இழுப்பு. ஒரு நீண்ட விசில்.

"இப்பவும் கேக்குது" என்றது ஹெட்செட். "முதல்ல அவரைப் பாருங்க. வேலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." தொடர்பு அறுந்தது.

லேப்டாப்பை அணைத்தாள். பேட்டரியைப் பிடுங்கினாள். சத்தம். மூடியைத் திருகித் திறந்து புது ஃபேனையும் கழற்றி மேசையில் வைத்தாள். அதன் இறக்கைகள் அசையவில்லை. தகடுகள் துடைத்தாற்போலச் சுத்தமாக இருந்தன. வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது.

சத்தம்.

ஹெட்செட்டைக் கழற்றினாள். சத்தம். கட்டில் காலி. போர்வை மடித்தபடி இருந்தது.

இடைவெளி வந்தது. இருமலுக்கு முந்தைய அந்த இடைவெளி.

இருமியது அவள்தான்.

நாக்கின் அடியில் ஏதோ வந்து நின்றது. மெத்தென்று. வெதுவெதுப்பாக. இரண்டு விரலை உள்ளே விட்டுப் பிடித்தாள். வழுக்கியது. முந்தானையைச் சுற்றிப் பிடித்தாள். சாம்பல் நிறம். வரி வரியான தடம். குத்திட்ட வெள்ளை முடிகள் உதட்டைக் கீறிக்கொண்டு வந்தன. விரல் நீளம் வந்தது. காணாமல் போன பாதி. அதோடு முடியவில்லை. ஒரு சாண். ஒரு முழம். தைல நாற்றம். புளிப்பு. மடியில் சுருண்டு விழுந்தது. இன்னும் வந்தது. அதன் ஈரமான பரப்பு மெல்ல உப்பியது, தணிந்தது. மூன்று குட்டி இழுப்பு.

கண்ணில் நீர் கொட்ட, இரண்டு கையாலும் இழுத்தாள்.

உள்ளிருந்து திருப்பி இழுத்தார்.